தள்ளாட்டம் நான்கு, நடுக்கம் மூன்று

"வணக்கம், கஸ்பார். தள்ளாட்டம் நான்கு. கைநடுக்கம் மூன்று. நாக்குழறல் ஐந்து. அடையாளம் உறுதி. உள்ளே வரலாம்."

தினமும் மாலை ஆறு பத்துக்கு ஏழாம் தொகுதியின் பதினோராம் கதவு இப்படிச் சொல்லும். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறியிருந்தாலும் சொல்லும். எதிர்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பார்கள். கஸ்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவான். வேலை முடிந்ததும் பாலத்தடிக்குப் போய், கடலில் விழுந்துவிடாமல் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் அவன் மனைவி சலேத்மேரி, நிலைப்படியில் ஒரு கணம் நின்று அவன் வாயருகே முகர்ந்து பார்ப்பாள். இன்று எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, இன்றைய சாப்பாடு தட்டில் கிடக்குமா தரையில் கிடக்குமா என்று அவளுக்கு அந்த ஒரு மோப்பத்தில் தெரிந்துவிடும். பிறகு ஒரு பெருமூச்சு.

"வணக்கம், சலேத்மேரி. முகர்தல் ஒன்று. பெருமூச்சு ஒன்று. அடையாளம் உறுதி. உள்ளே வரலாம்."

தூத்துக்குடிக்குக் கிழக்கே பன்னிரண்டு கல் தொலைவில் கடல்மேல் கட்டப்பட்ட மிதவூரில் இருபதாயிரம் பேர் கடற்பாசி வளர்த்துப் பிழைத்தார்கள். அங்கே பூட்டு கிடையாது, சாவி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. எல்லாம் மெய்யறிதான். முகத்தை யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்து மாட்டிக்கொள்ளலாம், குரலைப் பள்ளிப் பிள்ளைகளே படியெடுத்து விளையாடுகிறார்கள், விரல்ரேகை கடைத்தெருவில் விற்கிறது என்று ஆகிவிட்ட காலத்தில், ஆளை அடையாளம் காண வேறு வழி தேடினார்கள். ஒருவன் எப்படி நடக்கிறான், எந்தச் சொல்லில் தடுக்குகிறான், எங்கே மூச்சை இழுக்கிறான் என்கிற ஆயிரக்கணக்கான சின்னப் பழக்கங்களைக் கதவிலும் சுவரிலும் இருந்த கண்கள் அன்றாடம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டன. பழக்கத்தைத் திருட முடியாதல்லவா? ரேஷன் கடையில் ரேகை விழாமல் வெறும் பையோடு திரும்பிய பழங்காலத்துக் கிழவர்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மிதவூர்ப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

மெய்யறி வந்து பதினான்கு வருடம். அது முதன்முதலாக ஆட்களைப் பதிந்த நாள் ஊர்த் திருவிழாவாக இருந்தது. கஸ்பார் அன்று நிறை போதையில் இருந்தான். மறுநாளும் இருந்தான். அதற்கடுத்த நாளும்.

சலேத் எட்டு மாதமாக மூன்று சிகிச்சைகளுக்கு நடுவே அல்லாடிக்கொண்டிருந்தாள். முதலாவது, நாக்கடைப்பு. நாக்கின் அடியில் எள்ளளவு வில்லை ஒன்றைப் பொருத்துவார்கள். அதன்பின் சாராயம் மண்ணெண்ணெய் போல ருசிக்கும். இரண்டாவது, ஆசைக்களை. மூளையில் குடி ஆசை ஓடுகிற தடங்களைத் தோட்டத்தில் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிடுவது. மூன்றாவதுதான் பேச்சு வட்டம். பத்துப் பன்னிரண்டு குடிநோயாளிகள் வாரம் மூன்று நாள் வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசுவது. கூடவே மருத்துவர் தரும் மாத்திரை. ஒரு வருடம் ஆகும். நூறு இருநூறு வருடத்துப் பழைய முறை.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஊரே ஆளுக்கொரு நாட்டாமை செய்தது. அவள் தங்கை நாக்கடைப்புதான் மலிவு என்றாள். பாசிப் பண்ணையின் மேலாளர் ஆசைக்களையைச் செய்தால் ஒரே வாரத்தில் வேலைக்கு வந்துவிடலாம் என்றார். நாய் வாலை யாரால் நிமிர்த்த முடியும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். மறுவாழ்வு மையத்தில் இருந்த தேர்வுத்துணை என்ற இயந்திரம் நூற்று நாற்பது கேள்விகள் கேட்டது. கணவர் காலையில் குடிக்கிறாரா, அழுகிறாரா, அடிக்கிறாரா, அவருடைய அப்பா குடித்தாரா என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுக் கடைசியில், "மூன்றும் நல்லவையே. உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்" என்றது. சலேத்துக்கு அதைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இன்னும் குடிக்கத் தொடங்காத ஒரு மணிநேரத்தில், கஸ்பாரே பேச்சை எடுத்தான். பதிமூன்று வயது மகள் ஜெனோவா முந்தைய நாள் தன் பிறந்தநாளுக்கு ஒரு தோழியைக்கூட வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

"மண்ணெண்ணெய் ருசிச்சா நான் மண்ணெண்ணெயவே குடிப்பேன், சலேத்து. எனக்கு என்னயத் தெரியும்" என்றான். "ரெண்டாவதும் வேண்டாம். மூணாம் தொகுதி ரேமண்டு அதச் செஞ்சாருல்லா? சாளை மீன் கொழம்ப முன்னால வச்சா பாத்துக்கிட்டே இருக்காரு. களை புடுங்கயில நாத்தும் சேந்து போயிருச்சு. நான் ஒங்களயும் சேத்து மறந்துட்டா என்ன செய்ய? அந்தப் பேச்சு வட்டத்துலயே சேத்து விடு."

எட்டு மாதக் குழப்பம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்தது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் ஐந்து நாள் மையத்திலேயே படுக்கவைத்து மருந்து கொடுத்தார்கள். கஸ்பார் வியர்த்தான், வாந்தியெடுத்தான், சுவரில் நண்டு ஊர்கிறது என்று கத்தினான். ஆறாம் நாள் காலை எழுந்து, தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நடந்து வந்தான். சலேத் அவனை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று. அவனுக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த நடை என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள்.

வட்டத்தில் சேர ஒப்புதல் தர வேண்டும். தெளிந்த நிலையில், நோயாளியே, மெய்யறியின் முன் நின்று தர வேண்டும் என்பது சட்டம். கஸ்பார் போய் நின்றான்.

"நடையில் தள்ளாட்டம் இல்லை. நாக்குழறல் இல்லை. கைநடுக்கம் அரை. நீங்கள் கஸ்பார் இல்லை" என்றது மெய்யறி. "பிறர் பெயரில் ஒப்புதல் தருவது தண்டனைக்குரிய குற்றம்."

இன்னொரு முறை நடந்து காட்டினான். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் சொன்னான். அவன் தெளிவாகச் சொல்லச் சொல்ல மெய்யறியின் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. தினம் ஒரு மயிரிழை மாறினால் அது ஏற்றுக்கொள்ளும். ஒரே வாரத்தில் ஒரு மனிதன் இவ்வளவு மாறினால், வந்திருப்பவன் வேறு ஆள் என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பதிவு அதிகாரி நெல்லையப்பன் நல்ல மனிதர். சலேத்துக்கு அதுதான் கூடுதல் எரிச்சல். முரட்டு ஆளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டாவது வரலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி யோசனை சொன்னார்.

"அவரு ஒரு குவாட்டர் மட்டும் போட்டுட்டு வரட்டும்மா. மெய்யறி பாத்த ஒடனே தெரிஞ்சுக்கிடும். ஒரு தடவதான?"

"ஒரு தடவதானன்னு ஆரம்பிச்சதுதான் சார் இது. பதினாலு வருசமா அந்த ஒரு தடவயத்தான் சொமந்துக்கிட்டு இருக்கேன்."

நெல்லையப்பன் தலையைச் சொறிந்தார். அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது: ரத்தத்தில் துளி சாராயம் இருந்தாலும் ஒப்புதல் செல்லாது. குடித்தால் அவன் கஸ்பார். ஆனால் ஒப்புதல் தர முடியாது. குடிக்காவிட்டால் ஒப்புதல் தரலாம். ஆனால் அவன் கஸ்பார் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத்தான் பார்த்தார், கோயில் கதவு திறக்கவில்லை. வட்டத்தில் பிடித்துவைத்த இடம் அறுபது நாள்வரைக்கும்தான். அதற்குள் ஒப்புதல் பதிவாகாவிட்டால் அது வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மறுபடி வரிசையில் நின்றால் இரண்டு வருடம்.

வீட்டுக் கதவும் அதையே சொன்னது. "அறியாத நபர்" என்றது. சலேத்தின் பொறுப்பில் விருந்தாளியாகத்தான் கஸ்பார் தன் வீட்டுக்குள் போக முடிந்தது. பண்ணை வாசல் அவனை விடவில்லை. நூலகம் விடவில்லை. மகளின் பள்ளி விழாவுக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். போன வருடம் அதே வாசலில் தள்ளாடிக்கொண்டு வந்தபோது மரியாதையாக வழிவிட்ட கதவு அது. ஊர் முழுக்க மெய்யறிக் கண் இல்லாத கதவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்றாம் பாலத்தடியில் அரசாங்கச் சாராயக் கடை. அங்கே யார், என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

சலேத் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். மனு கொடுத்தாள். மனுவுக்கு நினைவூட்டல் கொடுத்தாள். நினைவூட்டல் வந்து சேரவில்லை என்று வந்த கடிதத்துக்குப் பதில் கொடுத்தாள். கஸ்பார் வட்டம் கூடுகிற நாளெல்லாம் அந்த மண்டபத்துக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில் கிடந்த வடக்கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் நாள் உள்ளே இருந்தவர்கள் நாற்காலிகளை வாசல்பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். அவன் வெளியே இருந்தபடி பேசினான், அவர்கள் உள்ளே இருந்தபடி கேட்டார்கள். மருத்துவரும் சட்டத்தைப் பார்க்காமல் மாத்திரையைக் கொடுத்துவந்தார். பத்து நாள் போயிற்று, இருபது போயிற்று.

ஆறு பத்துக்கு நிலைப்படியில் சலேத் அவனை முகர்ந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில், கேட்காமலே அவன் குனிந்து வாயைத் திறந்து காட்டத் தொடங்கினான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

முப்பத்தெட்டாம் நாள் நெல்லையப்பன் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். யாரும் படிக்காத ஒரு விதி. பத்து வருடமாவது பழகிய ஒருவர் மெய்யறியின் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, இவர் இன்னார்தான், இனியும் இவர் இப்படித்தான் இருப்பார் என்று உறுதி சொன்னால் ஆளைப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். வாயால் சொன்னால் போதாது. சொல்லும்போது நாடியையும் வியர்வையையும் நாற்காலி பார்த்துக்கொண்டிருக்கும். பொய்ச்சாட்சி எடுபடாது.

பெண்டாட்டியைவிட வேறு யார் வேண்டும்? சலேத் அன்றே போய் உட்கார்ந்தாள்.

"இவர் உங்கள் கணவர் கஸ்பார்தானா?"

"ஆமா."

"ஏற்கப்பட்டது. இப்போது உங்கள் முன் நிற்கும் இவர் இனி இப்படியே இருப்பார் என்று நம்புகிறீர்களா?"

"நம்புதேன்" என்றாள் சலேத், சத்தமாக.

மெய்யறி சற்று நேரம் எடுத்துக்கொண்டது. "ஐயம் எண்பத்தாறு விழுக்காடு. சாட்சி ஏற்கப்படவில்லை."

அவள் மறுபடி சொன்னாள். எண்பத்தொன்பது. மூன்றாம் முறை கிட்டத்தட்ட அழுதுகொண்டே சொன்னாள். தொண்ணூற்றிரண்டு. நெல்லையப்பன் மேசையில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். கஸ்பார் மட்டும் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"விடு சலேத்து. நானா இருந்தாலும் என்னய நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, வட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். முப்பத்தெட்டு நாளாக ஊரிலுள்ள இயந்திரங்களையெல்லாம் வாய் வலிக்கத் திட்டியவளுக்கு இப்போது திட்ட ஆள் கிடைக்கவில்லை. குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்று இயந்திரமா சொல்லிற்று? வேறு யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்று யோசித்தாள். தங்கையா? அவள் உட்கார்ந்தால் நூறையும் தாண்டிவிடும். மேலாளர், எதிர்வீடு, பங்குச் சாமியார் என்று ஒவ்வொருவராக நினைத்து ஒவ்வொருவராக விட்டாள். பத்து வருடமாக அவனைத் தினம் பார்த்த ஆள் இன்னும் ஒருவர்தான் மிச்சம்.

பாலத்தடியில் தள்ளி நின்று அவனைக் கூட்டிவந்திருக்கிறாளே தவிர, சாராயக் கடைக்கு அவள் அதுவரை போனதில்லை. வரிசையில் நின்ற ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். கம்பிவலைக்குப் பின்னால், பதினான்கு வருடமாக அவள் மனதுக்குள் தினம் ஒருமுறை சபித்துவந்த விற்பனையாளர் சொரிமுத்து இருந்தார். காதோரம் நரைத்த, கண்ணாடி போட்ட, சாதாரண மனிதர். அவள் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"மொத வாரம் வராம இருக்கவும் செத்துட்டாருன்னுதாம்மா நெனச்சேன்" என்றார். "பத்தொம்பதாவது நாளோ இருவதாவது நாளோ, வந்து எதித்தாப்புல நின்னாரு. நான் வழக்கம்போல எடுத்து வச்சேன். வேர்த்து ஊத்துது அவருக்கு. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னுட்டு, போயிட்டு வாரேன் அண்ணாச்சின்னுட்டு நடந்துட்டாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

அன்றைய மாலையை சலேத் நினைத்துப் பார்த்தாள். பத்தொன்பதாம் நாளோ இருபதாம் நாளோ, வீட்டுக்கு வந்தவன் எப்போதும்போல வாயைத் திறந்து காட்டியிருப்பான். அவள் இரண்டு முறை முகர்ந்திருந்தாலும் முகர்ந்திருப்பாள்.

சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டாள். சொரிமுத்து தன் வரிசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நிறுத்திட்டேன்னுட்டுப் போயி, திரும்பி வாற மூஞ்சிய நான் ஆயிரம் பாத்துருக்கேம்மா. அது வேற மூஞ்சி. வாரேன்."

நாற்பத்திரண்டாம் நாள் மதியம் சொரிமுத்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் கஸ்பார்தானா என்று கேட்டதற்கு ஆம் என்றார். இனி இப்படியே இருப்பாரா என்று கேட்டதற்கு, "ஆமா, இவரு இனி என் கடைக்கு வர மாட்டாரு" என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். "ஐயம் இரண்டு விழுக்காடு. சாட்சி ஏற்கப்பட்டது" என்றது மெய்யறி. கடை திறக்க நேரமாகிவிட்டதென்று அவர் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

கஸ்பார் புதிதாகப் பதியப்பட்டான். தெளிந்த குரலில் ஒப்புதல் தந்தான். அன்று மாலை வடக்கயிற்றுச் சுருளை விட்டு எழுந்து மண்டபத்துக்குள் போய் வட்டத்தில் உட்கார்ந்தான். நாற்காலிகள் பழைய இடத்துக்கே நகர்ந்தன.

சலேத் வெளியே காத்திருந்து அவனோடு வீட்டுக்கு நடந்தாள். கைத்தாங்கல் தேவைப்படவில்லை. பாலம் நெடுக அவள் தனக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டே வந்தாள். சாராயம் விற்கிறவர் நம்புகிற மனிதனைத் தாலி கட்டிக்கொண்டவள் நம்பவில்லை என்றால் அது என்ன பிழைப்பு? இனி முகர்ந்து பார்ப்பதில்லை. இன்றோடு விட்டாயிற்று.

"வணக்கம், கஸ்பார். இடச்சாய்வு ஒன்று. அடையாளம் உறுதி. உள்ளே வரலாம்."

ஜெனோவா உள்ளே கைதட்டினாள். கஸ்பார் சிரித்துக்கொண்டே நிலைப்படியைத் தாண்டிவிட்டு, பழக்கத்தில் திரும்பிக் குனிந்து வாயைத் திறந்தான். சலேத் தலையசைத்து மறுத்தாள். நிமிர்ந்து, பெருமூச்சு விடாமல், கதவின் முன் போய் நின்றாள்.

"முகர்தல் இல்லை. பெருமூச்சு இல்லை. நீங்கள் சலேத்மேரி இல்லை" என்றது கதவு. அது சாத்திக்கொள்ள, நீல விளக்கு சிவப்பாயிற்று. "அறியாத நபர். விலகி நிற்கவும்."

அவள் பின்னால் போய் மறுபடி நடந்து வந்தாள். பெயரைச் சொன்னாள். கதவு அசையவில்லை. இன்றைக்குத்தான் பதிந்தவன் பொறுப்பில் அவளை விருந்தாளியாகவும் அது விடாது. எதிர்வீட்டுச் சன்னலில் தலைகள் தெரிந்தன. அடுப்படியில் ஊறப்போட்ட அரிசி, உள்ளே பசியோடு மகள், நாளைக்கு ஐந்து மணிக்கு வேலை. மறுபடி மனு, நினைவூட்டல், சாட்சி நாற்காலியா என்று நினைத்தாள்.

கஸ்பார் கதவை ஒட்டிய சன்னல் வழியே அவளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்திருந்தது. தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டி, கன்னத்தை அவள் பக்கம் கொண்டுவந்தான்.

"மோந்து பாத்துரு சலேத்து, தொறந்துரும்" என்றான் மெதுவாக. "ஒரு தடவதான?"

அவள் கதவைப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பிறகு குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தாள். மாத்திரை வாடையும் உப்புக்காற்று வாடையும் தவிர வேறொன்றும் இல்லை. சரியாகத்தான் பார்த்தோமா என்று இன்னொரு முறையும் இழுத்தாள்.

"வணக்கம், சலேத்மேரி. முகர்தல் இரண்டு. அடையாளம் உறுதி. உள்ளே வரலாம்."